கலர் திருகை இறக்கிப் பாருங்கள்

புதிதாக வந்திருக்கும் தங்கைகள் இருவருக்கும்,

திங்கட்கிழமையிலிருந்து கேம் கவுண்டர் உங்களுடையது. இருபத்து மூன்று வயதில் பணி அனுபவம் எழுத உட்கார்ந்துவிட்டாள் என்று சிரிக்க வேண்டாம். சுங்கை பட்டாணியில் நம் கடையில் டிவி கேம் வந்த நாளிலிருந்து அதை விற்றதும் வாடகைக்கு விட்டதும் நான்தான். எனக்கு முன்னால் இந்த வேலையில் யாரும் இல்லை. ஆகவே இந்தத் தொழிலில் மூத்தவளும் நானே, முதலில் விடைபெறுகிறவளும் நானே!

கேம் பெட்டியை டிவியோடு இணைப்பது, கேசட்டின் பித்தளைப் பல்லைத் துடைப்பது, வாடகைச் சீட்டு எழுதுவது எல்லாம் ரிப்பேர் அண்ணன் காட்டித் தருவார். ஒரு கேமைக் கையில் எடுத்து, "இது நல்ல கேம், நம்பி எடுத்துட்டுப் போங்க" என்று ஒருவரிடம் சொல்வதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் நான் எழுதப்போகிறேன். நான் அதைக் கற்றுக்கொண்டது கடையில் இல்லை. சிடாம் கிரி பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் மண்டபத்தில், என் சொந்த ஜனங்கள் நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கற்றுக்கொண்டேன்.

என் அப்பாவும் அம்மாவும் ரப்பர்ப் பாலுக்குப் பால்மரம் வெட்டுகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் ஐந்தாம் பாரம் வரை முடித்தவள் நான்தான். அந்தப் பெருமையை நான் மறைத்ததே இல்லை, இப்போதும் மறைக்கவில்லை. கேசட் டப்பாவின் முதுகில் இருக்கும் ஆங்கிலத்தை நிற்காமல் படித்துக் காட்டியதால்தான் முதலாளி என்னை ரேடியோ பகுதியிலிருந்து எடுத்து கேம் கவுண்டரில் உட்கார வைத்தார். ஓராண்டு கழித்து, "இனிமே எந்த கேம் எடுக்கலாம்னு நீயே சொல்லு ஸ்டெல்லா, எனக்கு ஒண்ணும் புரியல," என்றார். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை.

அப்படி நான் முதலில் தேர்ந்தெடுத்துச் சொன்ன கேம் ஒரு பூந்தோட்டம். ஒரு குருவி செடிக்குச் செடி தாவிப் பழம் பொறுக்கும். அப்போது வந்த கேம்களிலேயே இவ்வளவு அழகான படத்தை நான் பார்த்ததில்லை. வானம் நீலத்திலிருந்து ஊதாவாக மாறும். பட்டாம்பூச்சி சிறகடிக்கும். குருவி சாப்பிட வேண்டிய பழம் சிவப்பு, தொடக்கூடாத விஷப்பழம் பச்சை. கவுண்டரில் ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆடிப் பார்க்கலாம் என்பது நம் கடை வழக்கம் அல்லவா? அந்த ஐந்து நிமிடத்தில் வாயைத் திறந்து பார்க்காதவர் இல்லை. முதலாளியிடம் பேசிப் பேசி இருபத்து நாலு கேசட் வாங்க வைத்தேன்.

ரிப்பேர் அண்ணன் மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "படம் அழகா இருக்கு தங்கச்சி. ஆட்டம் எப்டி?"

"அண்ணே, அந்தப் பட்டாம்பூச்சியப் பாருங்களேன், றெக்க எப்டி அடிக்குது!"

"றெக்க அடிக்குது, சரி. நான் ஆட்டத்த கேட்டேன்."

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குப் பிடித்த கேமைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். ஒரு பழைய பெட்டியோடு இலவசமாக வந்த கேசட். அட்டை கிழிந்தது. திரையில் வெள்ளையாக ஒரு கட்டம், அவ்வளவுதான். மேலேயிருந்து சுவர் இறங்கும். சுவரில் ஒரு சந்து இருக்கும். கட்டத்தை ஓட்டிக்கொண்டுபோய் அந்தச் சந்தில் நுழைக்க வேண்டும். போகப்போக சுவர் வேகமாக இறங்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அண்ணன் ரிப்பேர் மேசையில் இதை ஆடுவார். அதுவும் டிவியின் கலர் திருகை முழுக்க இறக்கிவிட்டு, கறுப்பு வெள்ளையில்!

"கலர் டிவிய வச்சிகிட்டு ஏண்ணே இந்தக் கஞ்சத்தனம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பழக்கம் லா. டிவி ரிப்பேருக்கு வந்தா மொதல்ல கலர எறக்கிடுவேன். கறுப்பு வெள்ளையில படம் நேரா நிக்குதான்னு பாத்துட்டுதான் கலர ஏத்துவேன். மொதல்லயே ஏத்திட்டா கண்ணு மயங்கிரும், பழுது தெரியாது."

டிவியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டேன்.

அந்த வருடக் கடைசியில் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. தோட்டத்து வீடுகளுக்கு வார வாடகைக்கு கேம் விட வேண்டும். சனிக்கிழமை வேனில் பெட்டியும் கேசட்டும் கொண்டுபோய்க் கொடுப்பது, திங்கட்கிழமை எடுத்து வருவது. அதை ஆரம்பிக்க ஒரு போட்டி. "ஒன் தோட்டத்துலயே வைப்போம். நல்லா நடந்துச்சின்னா வாடகை கேம் எல்லாம் ஒன் பொறுப்பு. சொதப்பிச்சின்னா, திரும்ப ரேடியோ பக்கம் பேட்டரி விக்கப் போயிடணும், சரியா?" என்று சிரித்தபடி சொன்னார். சிரிப்பு விளையாட்டுக்கு, சொன்னது விளையாட்டுக்கு இல்லை.

தோட்டத்து மாதா கோயில் இளைஞர் குழுத் தலைவர் சேவியர் அண்ணன், தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி. போன் செய்தேன்.

"மண்டபத்துல டிவி இருக்குல்ல அண்ணே?"

"இருக்கு லா. நீ பாத்து வளந்த டிவிதானே, பெரிய டிவி."

அவ்வளவுதான் பேச்சு. குருவி கேம் போட்டி, முதல் பரிசு ஒரு கேம் பெட்டி என்று நானே எழுதி நானே படம் வரைந்து சுவரொட்டி அனுப்பினேன். புக்கிட் செலம்பாவ் வரை ஒட்டினார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, மூன்று மணிக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. புக்கிட் செலம்பாவிலிருந்து மட்டும் ஏழெட்டு மோட்டார் சைக்கிள். முதல் வரிசையில் முதலாளி வெள்ளைச் சட்டையில். அவருக்குப் பின்னால் என் அம்மா, அக்கம்பக்கத்துப் பெண்களோடு. "எம்பொண்ணுதான் நடத்துது. இங்லீசுலயே எல்லாம் படிக்கும்," என்று அம்மா சொல்வது மேடை வரை கேட்டது. போட்டிக்கு இருபத்தாறு பேர். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு மின்சாரம் தரும் எஞ்சின் ஆறு மணி வரைதான் ஓடும். அதற்குள் முடிக்க வேண்டும். நேரம் தாராளமாக இருந்தது. நான் என் புது பாவாடை சட்டையில், கையில் மைக்கோடு, ராணி மாதிரி நின்றேன்!

சேவியர் அண்ணன் டிவி அலமாரியின் மரக்கதவைத் தள்ளித் திறந்தார். எங்களோடு வேனில் வந்திருந்த ரிப்பேர் அண்ணன் இணைத்தார். குருவி வந்தது. முதல் ஆள், புக்கிட் செலம்பாவ் தொழிற்சாலையில் வேலை செய்யும் குமார். இரண்டாவது பழத்திலேயே குருவி செத்தது. மறுபடி, மறுபடி. ஒரு நிமிடத்தில் மூன்று உயிரும் போயிற்று. அடுத்து வந்த பெண்ணுக்கும் அதே கதி.

குமார் நகராமல் நின்றான். "அக்கா, எது நல்ல பழம், எது வெஷம்?"

"சொன்னேன்ல, செவப்ப சாப்புடணும். பச்சையத் தொடாத."

"செவப்பு எதுக்கா?"

நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். அதுவரை நான் திரையைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் சாம்பல் நிற வானம், சாம்பல் நிறச் செடி. ஒரே அளவில், ஒரே வடிவில், ஒரே சாம்பல் நிறத்தில் பத்துப் பழம்.

அந்த மண்டபத்து டிவி கறுப்பு வெள்ளை.

எனக்குத் தெரியாதா? பத்து வருடம் வாரம் தவறாமல் அதன் முன் தரையில் உட்கார்ந்து தமிழ்ப்படம் பார்த்தவள் நான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் படங்கள் எல்லாம் என் நினைவில் கலரில்தான் இருக்கின்றன. கதாநாயகியின் சேலை சிவப்பு என்று அடித்துச் சொல்வேன். அந்தச் சிவப்பைப் போட்டது என் மனம்; டிவி இல்லை. கடையில் ஒரு வருடம் கலர் டிவிக்கு முன்னால் நின்றதில், என் வீட்டு ஜனங்கள் எதில் படம் பார்க்கிறார்கள் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

கூட்டம் கூச்சலிட ஆரம்பித்தது. "ஸ்டெல்லா, கண்ணு டாக்டர கூப்புடு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

சேவியர் அண்ணன் காதருகே வந்தார். "உடு ஸ்டெல்லா, நடக்கட்டும். அதிர்ஷ்டம் உள்ளவன் ஜெயிப்பான், லாட்டரி மாரி லா."

முதலாளி எழுந்து வந்தார். "வேன எடுத்துட்டுப் போயி கடையிலேருந்து கலர் டிவிய கொண்டாந்துருவோம். ஒரு மணி நேரத்துல வந்துரலாம். போட்டிய நிறுத்தி வை."

அது நல்ல யோசனைதான். அவசரமாக ஆடினால் எஞ்சின் நிற்பதற்குள் முடித்தும் விடலாம். என் மானம் தப்பும், இருபத்து நாலு கேசட்டும் தப்பும். "சரி மொதலாளி" என்று சொல்ல வாய் திறந்தேன். அப்போது முதல் வரிசைக்குப் பின்னால் இருந்த முகங்களைப் பார்த்தேன். இவர்களில் யார் வீட்டில் கலர் டிவி இருக்கிறது? டிவி இருப்பதே சில வீடுகளில்தான். இங்கே கலரில் ஆடிவிட்டு, ஆசைப்பட்டு, வாடகை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். வீட்டில் பத்துச் சாம்பல் பழம் காத்திருக்கும்.

"வேணாம் மொதலாளி," என்றேன். "இங்க கலர்ல ஆடிட்டு, வீட்ல போய் சாம்பல்ல ஆடணுமா இவுங்க?"

"அப்ப போட்டி?"

"வேற கேம்ல நடத்துறேன்."

"நாம விக்க வந்தது இந்த கேம, ஸ்டெல்லா. நீ கேட்டுத்தான் வாங்குனேன்."

"தெரியும் மொதலாளி."

அவர் போய் உட்கார்ந்தார். ரிப்பேர் அண்ணனின் கருவிப் பெட்டி திறந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவர்களுக்கு நடுவே அந்தக் கிழிந்த அட்டை. எங்கே போனாலும் கொண்டுபோவார். நான் கேட்கவே இல்லை. கையை நீட்டினேன், எடுத்துக் கொடுத்தார்.

மைக்கில் பேசினேன். தங்கைகளே, இந்த இடத்தில் பூசி மெழுகினால் கதை முடிந்தது. "மன்னிக்கணும். குருவி கேம தேர்ந்தெடுத்தது நான். கறுப்பு வெள்ளை டிவில பழம் அடையாளம் தெரியாதுன்னு யோசிக்காதது என் தப்பு. ஆடித் தோத்த ரெண்டு பேரும் திரும்ப ஆடலாம். இப்ப வேற கேம்."

திரையில் வெள்ளைக் கட்டம் வந்தது.

"இதா கேமு? சவுக்காரக் கட்டி மாரி இருக்கு!"

சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. ஒருவரும் எழுந்து வரவில்லை. குமார்கூடத் தயங்கினான். அப்போது இரண்டாவது வரிசையில் நாற்காலி நகர்ந்தது. அம்மா!

"நவுருங்கடா. அந்த சவுக்காரத்த நான் ஓட்டிப் பாக்குறேன்."

"அம்மா, ஒனக்கு..."

"எது எங்க போவணும், அத மட்டும் சொல்லு."

"மேலேருந்து செவுரு வரும். சந்துல பூந்துரணும்."

"அவ்வளவுதான?"

முதல் சுவரில் இடித்துக்கொண்டார். கூட்டம் ஊளையிட்டது. "இரு இரு, இப்பத்தான் புரிஞ்சிச்சி!" என்று மறுபடி ஆரம்பித்தார். ஒரு சுவர் தாண்டியது. இரண்டு. மூன்றாவது சந்துக்குள் நுழையும்போது அம்மாவின் உடம்பே அந்தப் பக்கம் சாய்ந்தது. பின்னால் இருந்த பெண்களும் சேர்ந்து சாய்ந்தார்கள்! ஐந்தாவது சுவரில் இடித்துத் தோற்றபோது அம்மா போட்ட சத்தம் கிராணி வீடு வரை கேட்டிருக்கும். "இன்னொரு தடவ குடு!" "போதும் அக்கா, எறங்குங்க, நாங்க ஆட வேணாமா?" என்று கூட்டத்திலிருந்து குரல்கள். நான் கூப்பிடாமலே வரிசை கட்டி நின்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. நூறு பேர் ஒரு வெள்ளைக் கட்டத்தோடு இடதும் வலதுமாகச் சாய்ந்தார்கள். "எடது! எடது! கீரிடா!" என்று மலாயில் ஒருவன் கத்த, "கீரின்னா எடதுதான்டா, ரெண்டு தடவ ஏன் சொல்ற!" என்று இன்னொருவன் கத்தினான். விதி என்ன என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. பார்த்தவுடன் புரிந்தது, தோற்றவனுக்கு ஏன் தோற்றான் என்று தெரிந்தது, தெரிந்ததால் இன்னொரு முறை ஆட வேண்டும் என்று இருந்தது. ஒரு நல்ல ஆட்டத்துக்கு இதைவிட வேறு விளக்கம் நான் இன்றுவரை படிக்கவில்லை.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசி இரண்டு பேர். எஞ்சின் நின்றால் போட்டி பாதியில் போய்விடும் என்று சேவியர் அண்ணன் ஜன்னலில் நின்று எஞ்சின்காரரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மற்றவன் முப்பதாவது சுவரில் இடித்துக்கொள்ள, குமார் முப்பத்தோராவது சுவரைத் தாண்டினான். அடுத்த நிமிடம் எஞ்சின் நின்று, திரை சுருங்கி அணைந்தது. முதலாளி பரிசைக் கொடுத்தபோது, வாங்கிக்கொண்டது, சிவப்பு எது என்று என்னைக் கேட்ட அதே குமார்தான்.

வேனில் திரும்பினோம். வழியில் முதலாளி கேட்டார். "அந்த இருபத்து நாலு குருவிய என்னா பண்ணப் போற?"

"கலர் டிவி இருக்குற வீட்டுக்கு மட்டும் விப்பேன் மொதலாளி. கேட்டுட்டுதான் குடுப்பேன். நாளாகும்."

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ரிப்பேர் அண்ணன், "என் கேசட்ட குடு தங்கச்சி, நாளைக்கு மத்தியானம் ஆடணும்," என்றார்.

"அது இனிமே ஒன்னுது இல்ல," என்றார் முதலாளி. "வாடகைக்கு உட்டாச்சி." பிறகு என் பக்கம் திரும்பி, "பேட்டரி பக்கம் போக வேணாம். ஆனா அடுத்த தடவ கேம எடுக்குறப்ப எனக்குப் பட்டாம்பூச்சி கதை சொல்லாத," என்றார்.

அந்த வாரமே கரங்கானிலிருந்து ஒருவர் வந்து, "அந்த சவுக்காரக் கேம் இருக்கா?" என்று கேட்டார். கேசட்டின் உண்மைப் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. குருவியை விற்று முடிக்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. "வீட்ல கலர் டிவியா?" என்று கேட்டுக் கேட்டு, சிலர் கோபித்துக்கொண்டு எழுந்து போனதும் உண்டு. கேட்பதை நான் விடவில்லை. நீங்களும் விடக்கூடாது.

இன்னும் ஒன்று. இதைச் சொல்லாமல் விட்டால் நான் அழகுக்கு எதிரி என்று நினைத்துவிடுவீர்கள். அடுத்த முறை பினாங்கில் மொத்த வியாபாரியிடம் கேம் எடுக்க முதலாளி என்னையே அனுப்பினார். உட்கார்ந்ததும் அவருடைய டிவியில் கலர் திருகை இறக்கினேன். சத்தத்தையும் இறக்கினேன். அந்தச் சீனப் பெரியவர் பதறிப்போய், "அடேக், டிவி ரோசாக்கா?" என்றார். டிவி கெடவில்லை அங்கிள், இப்படித்தான் பார்ப்பேன் என்றேன். ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். எட்டு கேமில் ஆறை அப்படியே ஒதுக்கினேன். ஏழாவது ஒரு கடல் கேம். கறுப்பு வெள்ளையிலேயே ஒவ்வொரு மீனும் வேறு வேறு விதமாக நீந்தியது. கடிக்கிற மீன் முதுகை வளைத்துக்கொண்டு வரும். நல்ல மீன் வாலை ஆட்டிக்கொண்டு வரும். நிறமே இல்லாமல் எது என்ன என்று கண் சொன்னது. கால் மணி நேரம் அரை மணி ஆனது எனக்குத் தெரியவில்லை. பிறகு மெதுவாகத் திருகை ஏற்றினேன். பவளம் சிவந்தது, தண்ணீர் பச்சையானது, மீனெல்லாம் தங்கமானது. நான் அந்தக் கடையில் உட்கார்ந்தபடி சத்தமாகக் கூவிவிட்டேன்! அதை வரைந்தவர் எந்த ஊரோ, என்ன பெயரோ. அவருக்கு ஆட்டமும் தெரியும், அழகும் தெரியும். முதலில் ஆடுகிறவனின் கண்ணுக்கு வேலை செய்துவிட்டு, பிறகுதான் அலங்காரம் பண்ணியிருக்கிறார். பூந்தோட்டத்தை வரைந்தவர் அலங்காரத்தை மட்டும் பண்ணினார். நான் அதில் மயங்கினேன்.

அந்தக் கடல் கேம் இன்றும் வாடகையிலிருந்து திரும்பி வருவதற்குள் அடுத்த ஆள் காத்திருக்கிற கேம் என்பது உங்களுக்கே தெரியும்.

கவுண்டர் டிவியில் கலர் திருகைச் சுற்றி இருந்த எண்கள் அழிந்திருக்கும். அழித்தது என் விரல்தான். புது டிவி வாங்கலாமா என்று முதலாளி கேட்பார். படம் நேராக நிற்கிற வரைக்கும் இதுவே போதும் என்று சொல்லுங்கள்.

அந்தப் பினாங்கு வியாபாரிதான் இப்போது, தன் கடைக்கு வரும் கேம்களைத் தேர்ந்தெடுக்க என்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். வடக்கே உள்ள கடைகள் எல்லாம் இனி நான் பார்த்து அனுப்பும் கேசட்டைத்தான் அடுக்கப்போகின்றன. வீட்டில் இந்தச் செய்தியைச் சொன்னபோது அப்பா சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். அம்மா வேறொன்று கேட்டார்.

"அந்தக் கடை டிவில கலர எறக்குற திருகு இருக்காடி?"

இருக்கிறது. நேரில் போய்த் திருகிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்று சொன்னேன்.

அன்புடன்,
ஸ்டெல்லா அக்கா